முதலை யாருடையது

நமசிகோ
6 ஜூன் 1998

பாசமுள்ள எனிஃபா அக்காவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் என் மனைவி டோரிகாவும் உன் மகள் ஃபலேசியும் இங்கே நலம். பருத்தி எடுத்து முடிந்துவிட்டது. நீ கொடுத்தனுப்பிய சோப்பும் ஃபலேசியின் வெள்ளைச் சட்டையும் வந்து சேர்ந்தன. சட்டையோடு நீயும் ஒருநாள் வந்திருக்கலாம். பிளான்டயரிலிருந்து மலைச்சரிவில் தினமும் பஸ் இறங்குகிறது என்பதை உன் ஆபீஸில் யாராவது உனக்குச் சொன்னால் தேவலை.

ஜூலையில் வெளிநாட்டு ஊழியக் குழு வருகிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். நீ தலைமை ஆபீஸில் உட்கார்ந்து வருஷந்தோறும் ஒரு குழுவை அனுப்புகிறாய். நாங்கள் வருஷந்தோறும் மனந்திரும்புகிறோம். டீக்கன் ஃபைசன் இதுவரை ஐந்து தேசத்தார் கையால் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார். போன வருஷம் அவரிடம், "ஃபைசன், போதுமே" என்றேன். "அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க பாஸ்டர். ஒருத்தரும் கிடைக்கலன்னு சொல்லி அனுப்பறதா? ஊருக்குத்தான் அசிங்கம்" என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்ல? விருந்தாளிக்குக் கோழி அடிக்கிறோம், தலையை நனைத்துக் கொள்கிறோம். இரண்டும் ஒரே மரியாதையில் சேர்ந்தவை.

ஆனால் இதுவரை எல்லாம் மாடுகளுக்கு உண்ணி மருந்து போட்டு முக்கியெடுக்கும் சிமென்ட் தொட்டியில்தான் நடந்தது. தொட்டியைக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, பூக்கள் போடுவோம். இந்த முறை அவர்களுக்கு ஆறு வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அக்கா, ஆறு வேண்டாம்.

மார்ச் மாதம் சைக்கிள் பழுது பார்க்கும் நசிபெக்கோவின் மனைவி தண்ணீர் எடுக்கப் போனாள். குடம் மட்டும் கரையில் இருந்தது. அதிலிருந்து பெண்கள் நீளக் கம்பில் சுரைக்குடுவையைக் கட்டி, தூர நின்றுதான் மொள்ளுகிறார்கள். இங்கே முதலை தானாக யாரையும் எடுப்பதில்லை என்பது நீயும் கேட்டு வளர்ந்ததுதான். அதை யாரோ வளர்க்கிறார்கள், யாரோ அனுப்புகிறார்கள். இது யாருடையது என்று ஊர் இன்னும் முடிவு செய்யவில்லை. மூன்று மாதமாக ஒருவரையொருவர் மிகவும் மரியாதையாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மரியாதையைப் பார்த்தால் எனக்குக் குலை நடுங்குகிறது.

தொட்டியே போதும் என்று அவர்களுக்குப் பக்குவமாக எழுதிவிடு.

உன் தம்பி,
லாஸ்டன்

•

பிளான்டயர்
15 ஜூன் 1998

அன்புத் தம்பி லாஸ்டனுக்கு,

இரட்சகரின் நாமத்தில் வாழ்த்துகள். இங்கே குளிர். மூட்டு வலி. நான் ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். ஒன்பது சபைகளின் அறிக்கைகளை ஒற்றை ஆளாக டைப் அடிக்கிறவளுக்கு மலைச்சரிவு எங்கே, பஸ் எங்கே.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. நீ வேதாகமக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவன். வாலிபர் கூட்டத்தில் தைரியத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறவன். உன் கடிதத்தில் பாதிப் பக்கம் சூனியக்காரர் முதலை! பக்கத்து மேஜை மாபுத்தோவிடம் வாசித்துக் காட்டினேன். "உங்க தம்பி பாஸ்டரா, மந்திரவாதியா?" என்று கேட்டான். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

முதலை என்பது ஒரு மிருகம். அதற்குப் பசி உண்டு, முதலாளி கிடையாது. நிஜ முதலைக்குப் பயப்படு, நான் குறை சொல்லவில்லை. அதனால்தான் அந்தக் குழுவின் தலைவர் பாஸ்டர் ராண்டலுக்கு நானே எழுதினேன். அவரிடமிருந்து வந்த பதில்: சிங்கக் கெபியில் தம் பக்தனைக் காத்தவர் ஆற்றிலும் காப்பார், இந்த முதலைக்காக எங்கள் சபையில் ஒரு தனி ஜெபக் குழு தொடங்கியிருக்கிறோம். உன் முதலைக்காகக் கடல் கடந்து ஜெபிக்கிறார்கள். உனக்காக யாரும் ஜெபிப்பதாகத் தெரியவில்லை.

அவர்கள் தொட்டிக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேறொரு குழு வேறொரு ஆற்றில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். மாட்டுத் தொட்டியைப் படம் எடுத்து யாருக்குக் காட்டுவார்கள்?

இப்போது முக்கியமான விஷயம். ராண்டலின் சபை ஒவ்வொரு ஊரிலும் ஒரு பிள்ளையின் மேல்படிப்பை ஏற்றுக்கொள்கிறது. முதலில் ஞானஸ்நானம் பெறும் பிள்ளையை அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஃபலேசி முதலில் நிற்க வேண்டும். அந்த வெள்ளைச் சட்டையை எதற்கு அனுப்பினேன் என்று நினைத்தாய்? அவளுக்கு அப்பா இல்லை. இருந்திருந்தாலும் நம் வழக்கத்தில் பிள்ளைக்கு மாமன்தான் எல்லாம். என் மகளை உன்னிடம்தான் விட்டிருக்கிறேன். செய்.

உன் அக்கா,
எனிஃபா

•

நமசிகோ
7 ஜூலை 1998

பாசமுள்ள அக்காவுக்கு,

விருந்தாளிகள் வந்து ஆறு நாள் ஆகிறது. நல்லவர்கள். அதுதான் கஷ்டம், கெட்டவர்களாக இருந்திருந்தால் எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம். பன்னிரண்டு பேரும் ஒரே மஞ்சள் நிறப் பனியன். காலையில் பற்பசை மணக்க எல்லோரையும் கட்டி அணைக்கிறார்கள். ராண்டல் ஆறடி மூன்று அங்குலம். சோளக்களியும் கெளுத்தி மீன் குழம்பும் கையால் பிசைந்து சாப்பிட்டு, கண்ணில் நீர் வர, "இதுதான் உண்மையான வாழ்க்கை" என்கிறார். மிளகாய் கொஞ்சம் கூடிவிட்டது என்று டோரிகா வருத்தப்படுகிறாள்.

சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம். துணிப் பொம்மையைக் கையில் மாட்டி, வாயைத் திறந்து மூடி, அதைப் பேச வைத்தார்கள். செத்த துணி பேசுவதைப் பார்த்த மறுகணம் நாற்பது பிள்ளைகள் அலறிக்கொண்டு பருத்திக் காட்டுக்குள் ஓடினார்கள். இரண்டு பிள்ளைகள் இருட்டுகிற வரைக்கும் வீடு திரும்பவில்லை. "இவ்வளவு உற்சாகமான பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை" என்றார் ராண்டலின் மனைவி.

வருகிற ஞாயிறு ஆற்றில் ஞானஸ்நானம். ஊர் முழுக்கச் சம்மதித்துவிட்டது. ஊர் முழுக்கப் பயப்படுகிறது. யார் வரிசையில் எங்கே நிற்பது என்று என் வீட்டு வாசலில் தினமும் பஞ்சாயத்து.

"பாஸ்டர், என்னை நடுவுல போட்டுடுங்க."

"நடுவுல ஏற்கெனவே இருபது பேர் இருக்காங்கம்மா."

"அப்ப அந்த ஃபைசனத் தூக்கிக் கடைசில போடுங்க. அவருதான் அஞ்சு தடவ முங்கினவரு. போனாலும் நேரா மோட்சம்."

"கடைசி ஆளப் பின்னாடியிலிருந்து புடிக்கும்டி, நான் நிக்க மாட்டேன்" என்று ஃபைசன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

யாரும் முதலிடத்துக்கு அடித்துக்கொள்ளவில்லை என்று ராண்டல் கவனித்திருக்கிறார். இப்படிப்பட்ட தாழ்மையை எந்த நாட்டிலும் கண்டதில்லை என்று நேற்றுப் பிரசங்கித்தார். மொழிபெயர்த்தவன் நான். சபை, "ஆமென்" என்றது.

ஊர்த்தலைவர் சிபோன்டாவிடம் போனேன். நீங்கள் தடுத்தால் நிற்கும் என்றேன். ஆனைப்புளிய மரத்தடியில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

"விருந்தாளி கேட்டத முடியாதுன்னு சொல்ற மொத தலைவன் நானா இருக்கணுமா பாஸ்டர்? நீங்க சொல்லுங்களேன், உங்க ஆளுங்கதானே."

"சொன்னேன் தலைவரே. முதலை இருக்குன்னு சொன்னேன். ஜெபம் பண்ணலாம்னு சொல்றாங்க."

"அப்ப பண்ணுங்க." கரும்புச் சக்கையைத் துப்பினார். "மொதல்ல யாரு எறங்குறா?"

"என் அக்கா மகள் ஃபலேசி."

கடிப்பதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "யாரு போட்ட வரிசை?"

"அக்காதான் எழுதியிருந்தா..."

"அக்கா பிளான்டயர்ல இருக்கா. வரிசை போட்டது யாரு?" பிறகு தாழ்ந்த குரலில், ரொம்ப அன்பாகச் சொன்னார்: "பாஸ்டர், அந்தப் புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா நாங்க ரொம்ப தூரம் தேட வேண்டியிருக்காது. எப்பவும் மாமன்தானே."

அக்கா, இதை நீ மாபுத்தோவிடம் வாசிக்காதே. நம் வழக்கத்தில் மாமனுக்குத்தான் பிள்ளைமேல் எல்லா உரிமையும். ஆகையால் பிள்ளை செத்தால் மாமன்தான் விற்றான் என்பதும் அதே வழக்கம். எனக்கு இப்போது இரண்டு பயம். ஒன்று ஃபலேசிக்காக, இன்னொன்று எனக்காக. இரண்டில் எது முந்தி வருகிறது என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை.

நேற்று மாலை ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தேன். எதிர் மணல்திட்டில் படுத்திருந்தது. நம் பழைய தோணியைவிட நீளம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் இருந்தது.

ஆபீஸ் பெயரில் ஒரே ஒரு வரி எழுது. தொட்டியில் நடத்தவும் என்று. பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் வெள்ளிக்குள் வந்துவிடும்.

உன் தம்பி,
லாஸ்டன்

•

பிளான்டயர்
9 ஜூலை 1998

தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், கண்டக்டர் காத்திருக்கிறார்.

ஆபீஸ் பெயரில் நான் எதையும் எழுத முடியாது. வந்தவர்கள் மனம் கோணினால் அடுத்த வருஷம் அவர்கள் போகிற நாடே வேறு. உன் கூரைத் தகடு, கிணற்றுப் பம்பு எல்லாம் எங்கிருந்து வந்தது என்று யோசி.

மணல்திட்டில் படுத்திருக்கிற முதலை வயிறு நிறைந்த முதலை. இது எனக்கே தெரிகிறது. ஆட்களை விட்டுத் தகரம் தட்டச் சொல், சத்தம் கேட்டால் போய்விடும். பாட்டுப் பாடினாலே போதும், உன் பாடகர் குழுவைக் கேட்டிருக்கிறேன்.

மாமன் விற்றான், மருமகள் செத்தாள் என்றெல்லாம் இனி எனக்கு எழுதாதே. அசிங்கமாக இருக்கிறது. நான் அந்தக் கதைகளிலிருந்து வெளியே வர எவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியும்.

ஃபலேசியை வரிசையிலிருந்து எடுக்காதே. அவள் மேலே படிக்கவில்லையென்றால் அடுத்த வருஷம் எவனாவது ஒரு கரும்புத் தோட்டத்துக்காரன் பெண் கேட்டு வாசலில் வந்து நிற்பான். அவள் இடம் போனால் உன்னை நான் மன்னிக்க மாட்டேன்.

எனிஃபா

•

நமசிகோ
14 ஜூலை 1998

பாசமுள்ள அக்காவுக்கு,

ஃபலேசி உன்னிடம் வந்து சேர்ந்திருப்பாள். தலைவர் அவளை ஞாயிறு மத்தியானமே பஸ்ஸில் ஏற்றிவிட்டார். என்னிடமிருந்து அவளைப் பிரித்து உட்காரவைத்து, இரண்டு பெண்களைத் துணைக்கு அனுப்பினார். நடந்ததை அவள் எப்படிச் சொன்னாளோ தெரியாது. நான் சொல்கிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தகரம் தட்டினோம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஊர் முழுக்கக் கரையில். பாட்டு ஆரம்பித்தபோது முதலை எதிர்த் திட்டில்தான் கிடந்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணத்தில் நான் நிமிர்ந்து பார்த்தேன். திட்டு காலியாக இருந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். வரிசையில் நின்ற முப்பத்தெட்டு பேரும் பார்த்தார்கள். பாட்டு மட்டும் சத்தமானது. ராண்டல் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சிரித்த முகமாக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். நான் கரையோரம் நின்று ஆங்கிலத்தில் சொன்னேன்: அது தண்ணீருக்குள் இறங்கிவிட்டது, மேலே வாருங்கள். "பயப்படாதே என்று அவர்களுக்குச் சொல், லாஸ்டன்" என்றார்.

தலைவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

ஃபலேசி நடக்க ஆரம்பித்தாள். அவள் கையைப் பிடித்தேன்.

"வேணாம், திரும்பு."

"மாமா, விடுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"அம்மா என்னைக் கொன்னுடும்." கையை உதறிவிட்டு இறங்கினாள். தண்ணீர் முட்டியைத் தொட்டது.

அவளை இழுத்துக்கொண்டு வந்தால் அடுத்தவள் இறங்குவாள். அடுத்தவளை இழுத்தால் அதற்கடுத்தவள். நம் ஜனம் முதலைக்குப் பயப்படும், ஆனால் விருந்தாளி முன்னால் அவமானப்படுவதற்கு அதைவிட அதிகமாகப் பயப்படும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றே ஒன்றுதான் என் கைவசம் இருந்தது. நம் மொழியில் கத்தினேன்:

"அந்த முதல என்னோடது! நான்தான் அத வளக்கறேன். இன்னைக்கு அதுக்கு ஒரு ஆள் தர்றதா சொல்லியிருக்கேன். யாருன்னு அதுவே முடிவு பண்ணிக்கும்!"

அக்கா, ஒரு நிமிஷத்தில் கரை காலி. செருப்பு, பாட்டுப் புத்தகம், ஒரு கிழவரின் ஊன்றுகோல் மட்டும் கிடந்தன. ஊன்றுகோலுக்குச் சொந்தக்காரர்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். ஃபலேசி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளும் ஓடினாள், என்னைச் சுற்றிக்கொண்டு, என் கைக்கு எட்டாத தூரத்தில்.

நான் இறங்கி ராண்டலின் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். "அவர்களிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்டார். என் பாவத்தை அறிக்கையிட்டேன் என்றேன். அந்தப் பெரிய மனிதர் ஈரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு மேய்ப்பன் சபைக்கு முன்னால் தன் பாவத்தைச் சொன்னதும் கூட்டம் முழுவதும் இருதயத்தில் குத்தப்பட்டவர்களாய் ஓடியதைத் தன் ஊழியத்தில் இதுவரை கண்டதில்லையாம்.

மத்தியானம் தலைவர் வந்தார். வாசலுக்கு வெளியே நின்றார்.

"நீங்க சொன்னது நெசமா பாஸ்டர்?"

"பொய் தலைவரே. அந்தப் புள்ளைங்கள நிறுத்தறதுக்குச் சொன்னேன்."

"பொய்னுதானே சொல்லுவாங்க." "அப்ப மார்ச்ல நசிபெக்கோ பொண்டாட்டி?"

நான் அதை யோசிக்கவே இல்லை, அக்கா. சத்தியமாக யோசிக்கவில்லை. முதலை என்னுடையது என்றால் மார்ச் மாதமும் என்னுடையதுதான். அந்தப் பெண்ணுக்கு ஜெபம் செய்து வெறுங்குடத்தை அடக்கம் பண்ணியவன் நான்.

"நசிபெக்கோ இன்னைக்கே வரணும்னான்" என்றார் தலைவர். "விருந்தாளிங்க இருக்கறப்ப வேணாம்னு சொல்லியிருக்கேன். வியாழக்கிழம அவங்க போறாங்க."

நேற்று ராண்டலிடம் இன்னும் ஒரு வாரம் தங்கும்படி கெஞ்சினேன். காலைத் தொடாத குறை. எந்த ஊரும் தங்களை இவ்வளவு வேண்டிக் கேட்டதில்லை என்று மறுபடியும் அழுதார். ஆனால் விமானச் சீட்டை மாற்ற முடியாதாம்.

டோரிகா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நாளை மறுநாள் வியாழன்.

லாஸ்டன்

•

பிளான்டயர்
25 ஜூலை 1998

லாஸ்டனுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய் என்று கண்டக்டர் சொன்னார். ஸ்தோத்திரம்.

ஃபலேசி நலம். சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். ராண்டல் ஊருக்குத் திரும்பும் வழியில் ஆபீஸுக்கு வந்தார். அந்த முதல் பெண்ணை நன்றாக நினைவிருக்கிறதாம். மேல்படிப்பை அவர் சபை ஏற்றுக்கொண்டது. அவருடைய அறிக்கையை நான்தான் டைப் அடித்தேன்: நமசிகோவில் எழுப்புதல். உன் பெயர் நான்கு இடத்தில் வருகிறது.

உன் கடிதத்தைப் படித்து முதலில் உன்மேல் பெருமைப்பட்டேன். என் மகளுக்காக ஊர் முன்னால் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டான் என்று அழுதேன். மாபுத்தோவும் மெச்சினான். பிறகு அவன் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படுகிறதாம்.

போன ஞாயிறு ஊரிலிருந்து சித்தப்பா மகன் டைசன் வந்திருந்தான். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "அக்கா, ஒன்னு மட்டும் யோசிங்க. அவரு சொன்னதும் ஒரு ஆளு கூடச் சிரிக்கலயே, ஏன்?" என்று கேட்டான். அவனைத் திட்டி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை.

இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. உன் வாயால் ஒருமுறை சொல்லிவிடு. அது உண்மையில்லைதானே?

எனிஃபா

•

நமசிகோ
30 ஆகஸ்ட் 1998

பாசமுள்ள அக்காவுக்கு,

உண்மையில்லை. என்னிடம் ஒரு கோழி கூட ஒழுங்காக வளர்வதில்லை என்பது உனக்குத் தெரியும்.

பதில் எழுத ஒரு மாதம் ஆனதற்குக் காரணம், எனக்கு நேரமே இல்லை. அந்த வியாழன் விருந்தாளிகளின் வண்டி போன புழுதி அடங்கும் முன்பே நசிபெக்கோ வந்தான். கையில் சைக்கிள் சங்கிலி. என் எதிரே தரையில் உட்கார்ந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். "ஏன் பாஸ்டர் என் பொண்டாட்டி? அவ உங்களுக்கு என்ன பண்ணா?" என்று கேட்டான். நான் அழுதேன், அவனும் அழுதான். பிறகு எழுந்து நின்று, "இனி ஒரு ஆளு போச்சுன்னா நீங்க உள்ள இருக்கறப்பவே உங்க வீடு எரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆத்திரமே இல்லாமல், பஞ்சர் ஒட்ட எவ்வளவு நேரமாகும் என்று சொல்வதுபோலச் சொன்னான்.

ஆகவே விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போகிறேன். பொழுது சாய்கிற வரைக்கும் நிற்கிறேன். தகரம் தட்டுகிறேன். எந்தப் பெண்ணாவது கம்பில்லாமல் குனிந்தால் கத்துகிறேன். அவர்கள் என்னைப் பார்த்ததும் பத்தடி பின்னால் போகிறார்கள், அதுவும் நல்லதுக்குத்தான். இந்த ஒன்றரை மாதமாக யாரையும் முதலை எடுக்கவில்லை. ஊரில் இதற்குச் சொல்லும் காரணம், நான் மனமிரங்கி அதைக் கட்டிப் போட்டிருக்கிறேன் என்பது. கோயிலுக்கு இப்போது யாரும் வருவதில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறார்கள். போன வாரம் ஒரு மனிதர், நான் கலியாணம் செய்து வைத்தவர், ஒரு வாத்தைக் கொண்டுவந்து வைத்து, தன் அண்ணன் பெயரையும் அவர் ஆற்றில் குளிக்கும் நேரத்தையும் சொன்னார். இத்தனை வருஷம் இவர்களுக்குத்தான் பிரசங்கித்தேனா என்று நடுங்கிப் போனேன். வாத்தைத் திருப்பிக் கொடுத்தேன். போதவில்லை போல என்று மறுநாள் இரண்டு கொண்டுவந்தார்.

அந்த மிருகம் தினமும் எதிர்த் திட்டில் கிடக்கிறது. அது ஒருநாள் பசியோடு எழுந்தால் நான் செத்தேன். அதன் வயிற்றை நம்பி என் உயிர் இருக்கிறது. அது வாயை மூடினால் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

தலைவரிடம் ஒரு வழி கேட்டேன். யோசித்து ஒன்று சொன்னார். மருமகளையே கொடுக்க நினைத்தவன் வீட்டில் எந்தத் தாயும் மகளைக் கூட்டிவந்து சாப்பிட மாட்டாள். நீயும் ஃபலேசியும் வந்து, ஊர் பார்க்க, என் வாசலில் உட்கார்ந்து, என் கையால் பரிமாறியதை ஒரு வேளை சாப்பிட்டால் போதும். "பெத்தவளே சாப்பிட்டா நாங்க யாரு பேசறதுக்கு?" என்றார். நசிபெக்கோவும் சம்மதித்திருக்கிறான்.

செப்டம்பர் 12, சனிக்கிழமை. காலை பஸ்ஸில் வந்தால் மாலை பஸ்ஸில் திரும்பிவிடலாம். டோரிகா இல்லை, நானே சமைக்கிறேன். பூசணியிலைக் கீரை கடலைப் பொடி போட்டு; ஃபலேசிக்குப் பிடிக்கும். ஊர் முழுக்க வந்திருக்கும். வேறு எதுவும் உன்னிடம் நான் கேட்டதில்லை, அக்கா. வா.

உன் தம்பி,
லாஸ்டன்

•

பிளான்டயர்
12 செப்டம்பர் 1998, சனிக்கிழமை மாலை

லாஸ்டனுக்கு,

நாங்கள் கிளம்பினோம். அதை நீ நம்ப வேண்டும்.

காலையில் ஃபலேசிக்குத் தலை வாரிவிட்டேன். வர மாட்டேன் என்றாள். உன்னைப் பெற்றவள் சொல்கிறேன், மாமா உன் உயிரைக் காப்பாற்றியவர் என்றேன். "தெரியும்மா" என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். உனக்குச் சர்க்கரையும் தேயிலையும் எடுத்து வைத்திருந்தேன். கண்டக்டர் எங்களைப் பார்த்து, "எங்க, நமசிகோவுக்கா?" என்றார். ஆமாம், தம்பி வீட்டுக்கு என்றேன். பஸ்ஸில் பேச்சு நின்றது.

மலைச்சரிவு இறங்குவதற்கு முன்னால் பஸ் ஒரு இடத்தில் நிற்கும், உனக்குத் தெரியும். அங்கிருந்து பார்த்தால் கீழே ஆறு தெரியும். ஃபலேசி அதைப் பார்த்துக்கொண்டே, "மாமா என்ன சமைச்சிருப்பாரு?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். பூசணியிலைக் கீரை என்று சொல்ல வாயெடுத்தேன். உன் கை அவள் தட்டில் அதைப் பரிமாறுவது கண்முன் வந்தது. நான் படித்தவள். பத்தொன்பது வருஷமாக டைப் அடிக்கிறேன். முதலைக்கு முதலாளி கிடையாது என்று உனக்கு எழுதியவள் நான்தான், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எழுந்துவிட்டேன், லாஸ்டன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ் எங்களை விட்டுவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது.

சாலையோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். கை வரவில்லை. எதிர்ப்பக்கம் போகிற லாரியில் திரும்பினோம். லாரியில் ஏறியதும் ஃபலேசி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஜூலைக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கியது இன்றுதான்.

நாங்கள் வராததற்கு ஊர் என்ன அர்த்தம் செய்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இறங்கினேன். இன்றைக்கே அங்கிருந்து கிளம்பிவிடு. இருட்டும்வரை காத்திருக்காதே. எங்கே போகிறாய் என்று எனக்கு எழுதாதே; கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நேரத்தில் நீ அங்கே இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

ஃபலேசியின் கலியாணத்தில் மாமன் இடத்தில் டைசன் உட்காருவான். அவளுக்கு அதற்கு ஆயுசு இருப்பது உன்னால்தான்.

எங்களுக்காகச் சமைத்து வைத்திருப்பாய். வீணாக்காதே, யாருக்காவது கொடுத்துவிடு என்று எழுத வந்தேன். யாரும் வாங்க மாட்டார்கள் என்பது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

திருமதி எனிஃபா கபுண்டா